இருவரையும் திருத்துபவர்

2025 ஜூன் மாதம். சித்தூர் மாவட்டத்து மாம்பழக்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்களும் லாரிகளும் வரிசைகட்டி நின்றன. தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்லும் தோத்தாபுரி மாங்காய், தோப்புக்குத் தோப்பு ஒரே சமயத்தில் முற்றிவிட்டது. ஆலைகளுக்கு அந்த அவசரம் இல்லை. போன வருஷத்துக் கூழே விற்காமல் தேங்கிக் கிடக்கிறது என்று அவை சொல்லின. ஆந்திர அரசு தலையிட்டுக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று கணக்கு வகுத்தது. ஆலை 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் மானியம் சேர்க்கும். அந்த 8 ரூபாயும் முழுதாகக் கைக்கு வரவில்லை என்று தோப்புக்காரர்கள் முறையிட்டார்கள். கர்நாடகத்துத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்று ஆட்சியர் தடை போட்டார். கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் விவசாயிகள் கொதித்தார்கள். கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா, ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார்.

இந்த விவகாரம் முழுவதிலும் தனி மனிதரின் குரல் எங்கும் எடுபடவில்லை. ஆலை முதலாளிகள் கூட்டாகப் பேசினார்கள், விவசாயிகளும் சங்கமாகத்தான் பேசினார்கள். ஒரு கோடி ரூபாய்க்குக் கூழ் விற்பவரும் ஒன்றரை ஏக்கர் தோப்பு வைத்திருப்பவரும் அரசின் முன் நிற்கும்போது, தங்கள் சார்பில் பேச இன்னொருவரை அனுப்பத்தான் வேண்டியிருக்கிறது.

ஒருவருக்காக இன்னொருவர் பேசுவது எப்போது அறமாகிறது, எப்போது வெறும் தரகாகிறது? வணிகர் சங்கங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சட்டத்தின் பக்கமிருந்து பார்ப்பார்கள். சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இதற்கு அதைவிடப் பழைய விடை ஒன்று இருக்கிறது. அது கோயிலில் இருக்கிறது.

சந்திரகிரிக் கோட்டையிலிருந்து திருப்பதி வழியாகச் சிறிது தூரம் போனால் திருச்சானூர். அங்கே அலர்மேல்மங்கைத் தாயார் கோயில். மலையேறி வேங்கடவனைக் கண்டவர்கள் தாயாரையும் சேவிக்காமல் யாத்திரை நிறைவேறாது என்பது பல குடும்பங்களின் வழக்கம். இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு தத்துவம் இருக்கிறது. குற்றம் நிறைந்த உயிர், தண்டிக்கும் அதிகாரம் உள்ள இறைவனிடம் நேரே போய் நிற்க அஞ்சுகிறது. தாயார் நடுவே நின்று பரிந்து பேசுகிறாள். இதை வைணவ ஆசாரியர்கள் புருஷகாரம் என்றார்கள். இன்றைய பேச்சில் சொன்னால், சிபாரிசு.

இந்தச் சிபாரிசின் இலக்கணத்தைத் தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையில் எழுதி வைத்தவர் திருவரங்கத்துப் பிள்ளை லோகாசாரியர். 14-ஆம் நூற்றாண்டில் டில்லிப் படை திருவரங்கத்தைச் சூறையாடியபோது அரங்கனின் உற்சவத் திருமேனியான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே புறப்பட்டவர் அவர். மதுரைக்கு அருகே வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. ஊர் ஊராக அலைந்த அந்தத் திருமேனி பிறகு நெடுநாள் திருமலையில் வைத்துக் காக்கப்பட்டு, விஜயநகரத் தளபதி கோபண்ணரால் 1371-இல் திருவரங்கம் திரும்பியது. பிள்ளை லோகாசாரியருடைய ஸ்ரீவசன பூஷணம் தொடக்கத்திலேயே புருஷகாரத்தின் பெருமையைத்தான் எடுத்துக்கொள்கிறது.

பரிந்து பேசுகிறவருக்கு மூன்று தகுதிகள் வேண்டும் என்கிறது அந்நூல்: கிருபை, பாரதந்திரியம், அநந்யார்ஹத்வம். பிறர் துன்பம் பொறுக்காத மனம் முதலாவது. யாரிடம் பேசுகிறோமோ அவருடைய ஆணைக்குத் தானும் கட்டுப்பட்டிருப்பது இரண்டாவது. அவரை விட்டு வேறு யாருக்கும், வேறு எதற்கும் உரியவராகாமல் இருப்பது மூன்றாவது. இவற்றோடு, எந்த நிர்வாக நூலிலும் இவ்வளவு சுருக்கமாகக் கிடைக்காத ஒரு கருத்தும் அங்கே வருகிறது. தாயார் இரண்டு பக்கமும் திருத்துகிறாள். இறைவனோடு கூடியிருக்கும்போது அவனைத் திருத்துகிறாள். பிரிந்திருக்கும்போது உயிரைத் திருத்துகிறாள். அசோகவனத்தில் சிறையிருந்த சீதை, தன்னைச் சிறைவைத்த இராவணனிடமே இராமனோடு நட்பு கொள் என்று புத்தி சொன்னாள். தன்னை வதைத்த அரக்கியரை அனுமன் தண்டிக்க வந்தபோது, அவர்களுக்காக அவனிடம் வாதாடினாள். ஒரே பெண்மணி தவறு செய்தவனுக்கு அறிவுரையும் தண்டிக்க வந்தவனுக்குத் தடையும் சொல்கிறாள்.

தாயாரின் கருணையை ஒரு வணிகர் சங்கத்தோடு வைத்துப் பேசலாமா என்று பக்தர் ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. சங்கம் தாயாருக்கு நிகராகாது. நடுவே நிற்பவருக்கு என்னென்ன வேண்டும் என்று ஆசாரியர்கள் ஆழமாக யோசித்து வைத்த அளவுகோல் நம்மிடம் இருக்கிறது. அதை மண்டிக்கும் ஆலைக்கும் எடுத்து வருவதில் குறைவு ஏதும் இல்லை.

பழைய வணிகர்களே அப்படித்தான் செய்தார்கள். ஐந்நூற்றுவர் என்ற பெருவணிகக் குழு தங்கள் உடன்படிக்கைகளைக் கோயில் சுவர்களில் வெட்டி வைத்தது. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் உள்ள 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், தாங்கள் விற்கும் சரக்குகளின் மேல் தாங்களே மகமை விதித்துக் கோயிலுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் பட்டணப்பகுடி என்றார்கள். அரசனிடம் சலுகை கேட்கும் குழு, தன் உறுப்பினரிடம் வசூலிக்கவும் தெரிந்த குழுவாக இருந்தது.

விஜயநகர ஆட்சியில் தமிழ்நாட்டுக் குடிகள் வரிச் சுமை தாங்காமல் ஊரை விட்டு ஓடியதுண்டு. 1429-இல் காவிரிப் பகுதியிலும் நடுநாட்டிலும் வலங்கை 98, இடங்கை 98 என்ற இரண்டு பெரும் அணிகளும் தங்கள் பழைய பகையை மறந்து ஒன்றுகூடின. விளைச்சலைப் பாராமல் வரி வாங்குகிறார்கள், இனி விளைவுக்குத் தக்க வரியைத்தான் தருவோம், எது தருவோம் எது தரமாட்டோம் என்று கொறுக்கை முதலிய ஊர்க் கோயில்களில் கல்லில் வெட்டினார்கள். வரியே கட்டமாட்டோம் என்று அவர்கள் எழுதவில்லை. எந்த அளவு நியாயம் என்று எழுதினார்கள். இது கிருபையும் பாரதந்திரியமும் சேர்ந்த மனு.

இந்தக் கதையின் எதிர்ப்பக்கமும் சந்திரகிரியோடு தொடர்புடையதே. 1639-இல் ஆங்கிலக் கும்பினியின் பிரான்சிஸ் டே, மதராசப்பட்டினத்து மணல்வெளியில் கோட்டை கட்டும் உரிமையைத் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் பெற்றார். நாயக்கர், சந்திரகிரியையும் வேலூரையும் இருக்கையாகக் கொண்ட விஜயநகரத்தின் கடைசி அரசர்களுக்குக் கட்டுப்பட்டவர். கும்பினிக்கும் நாயக்கருக்கும் நடுவே பேசியவர் பேரி திம்மப்பா என்ற துபாஷி. இரண்டு மொழி தெரிந்தவர் என்பதுதான் துபாஷி என்ற சொல்லின் பொருள். அடுத்து வந்த காலத்தில் துபாஷிகள் பலர் பெருஞ்செல்வர்கள் ஆனார்கள். இரு பக்கத்துச் சொல்லும் அவர்களுக்குப் புரிந்தது. இரு பக்கத்துப் பணமும் அவர்கள் வீட்டு வாசலைத் தொட்டுத்தான் போனது. மூன்றாவது தகுதி இல்லாத தூது எங்கே போய் முடியும் என்பதற்கு அந்த நூறு வருஷ வரலாறு போதும்.

இன்றைக்கு வருவோம்.

அரசியல் சாசனத்தின் 19-ஆம் பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையைத் தருகிறது. உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் 2006-இன்படி, உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் ஒரு விதியைக் கொண்டுவரும் முன் வரைவை வெளியிட வேண்டும். ஆட்சேபமும் ஆலோசனையும் சொல்ல வழக்கமாக 60 நாள் அவகாசம் உண்டு. அரசிதழில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும் அந்த வரைவைத் தாமலசெருவு மாங்காய் மண்டிக்காரர் படிக்கப்போவதில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் சின்ன ஆலைக்கு அதைப் படித்துப் பதில் எழுத ஆள் இல்லை. இந்த இடத்தில்தான் சங்கத்தின் கிருபைக்கு வேலை. வரைவை உறுப்பினர் மொழியில் எடுத்துச் சொல்வது, புதிய அளவுகோலுக்கு இயந்திரம் வாங்க எவ்வளவு செலவாகும் என்று கணக்கிடுவது, எந்த விதி காகிதத்தில் சரியாக இருந்தும் தளத்தில் நடக்காது என்று அதிகாரிக்குக் காட்டுவது. மாம்பழக்கூழ் இந்தியாவில் பெரும்பாலும் இரண்டு வட்டாரங்களிலிருந்துதான் வருகிறது: சித்தூர், கிருஷ்ணகிரி. டில்லியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு ஜூன் மாதத்து ஆலையின் வெக்கையும் அவசரமும் தெரிய வழியில்லை. அதைக் கொண்டுபோய்ச் சொல்வது, மேலே இருப்பவரைத் திருத்தும் வேலை. அது மதிக்கத்தக்க வேலை.

ஆனால் மேலே திருத்துவது எளிது. உறுப்பினர் கைதட்டுவார்கள், சந்தா தவறாமல் வரும். கீழே திருத்துவதுதான் கடினம். சங்கத்தலைவரைத் தேர்ந்தெடுத்தவர்களே அந்த உறுப்பினர்கள்தான். அவர்களைக் கண்டித்தால் அடுத்த தேர்தலில் அவர் இருக்கமாட்டார். பெரிய ஆலையின் சந்தா அதிகம் என்றால், பெரிய ஆலையின் தவறும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அந்தத் தயக்கம் என்ன விலை கேட்கும் என்பதை ஆந்திரம் கண்ணால் கண்டது. 2010-க்கு முன்பு மாநிலம் முழுவதும் குறுங்கடன் நிறுவனங்கள் பரவியிருந்தன. வாரத்தவணை, குழுப் பொறுப்பு, ஒரே வீட்டில் நான்கைந்து கடன், தவணை தவறினால் வாசலில் வந்து அவமானம். 2009-இல் இந்த நிறுவனங்கள் எம்ஃபின் என்ற சங்கத்தை அமைத்தன. தற்கொலைச் செய்திகள் வரத்தொடங்கியபோது உறுப்பினரை அடக்கும் பலம் அந்த இளஞ்சங்கத்துக்கு இல்லை. 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வசூல் நின்றது, தொழிலே முடங்கியது, முறையாகக் கடன் கொடுத்த நிறுவனங்களும் சேர்ந்து அடிபட்டன. 2011 ஜனவரியில், இதை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழுவின் அறிக்கை வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ரிசர்வ் வங்கி இந்நிறுவனங்களுக்குத் தனி வகையும் விதிகளும் வகுத்தது. 2014-இல் அதே எம்ஃபினை, தன் உறுப்பினரைக் கண்காணிக்கும் சுயஒழுங்கு அமைப்பாக ரிசர்வ் வங்கி ஏற்றுக்கொண்டது. கீழே திருத்தும் பொறுப்பை ஏற்ற பிறகுதான் மேலே பேசும் வார்த்தைக்கு எடை வந்தது.

வைணவத்துக்குள் இதையொட்டிய ஒரு பழைய வாதம் உண்டு. தாயார் பரிந்து பேசுபவள் மட்டும்தான், பலன் தருபவன் இறைவனே என்பது தென்கலையார் கொள்கை. அவளும் அவனோடு சேர்ந்து உபாயமாகிறாள், அதாவது பலன் தருவதில் பங்கு கொள்கிறாள் என்பது வடகலையார் நிலை. சங்கங்களுக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது. அது மனு கொடுக்கும் அமைப்பு மட்டுமா, அல்லது விதியை நடத்தும் அதிகாரத்திலும் அதற்குப் பங்கு உண்டா? எம்ஃபினுக்குக் கிடைத்தது இரண்டாவது நிலை. அது உரிமையாகக் கேட்டு வாங்கக்கூடியதன்று. உறுப்பினர் மேல் கை வைக்கத் துணிந்த பிறகே கிடைப்பது.

மாம்பழத்திலும் இதே பாடம் வந்தது. 2013-இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போன 207 காய்கனிச் சரக்குகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2014 மே 1 முதல் இந்திய மாம்பழத்துக்கும் கத்தரி, பாகல், புடல், சேம்பு ஆகியவற்றுக்கும் அங்கே தடை விழுந்தது. ஒரு சிலர் பூச்சியை அனுப்பினார்கள், ஒரு நாடே கதவுக்கு வெளியே நின்றது. ஏற்றுமதிச் சரக்கு அரசு அங்கீகரித்த பேக்ஹவுஸ்கள் வழியாகவே போக வேண்டும் என்ற ஏற்பாடு உறுதியானது. அதன்பிறகு 2015-இன் தொடக்கத்தில் மாம்பழத் தடை நீங்கியது. பிரஸ்ஸல்ஸில் எத்தனை மனு கொடுத்தாலும் பழத்திலிருந்த ஈ பறந்துபோயிருக்காது. கதவு திறந்தது பழத்தைத் திருத்தியதால்.

இரண்டாவது தகுதியான பாரதந்திரியம், அதாவது சட்டத்துக்குத் தானும் கட்டுப்படுவது, இல்லாவிட்டால் என்ன ஆகும்? திருப்பூர் சொல்லும். சாயக்கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே விஷத்தேக்கமானது. உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்த்த வழக்கின் பெயரே ஒரு தத்துவக் கேள்வி: ஒரு பக்கம் திருப்பூர்ச் சாய ஆலை உரிமையாளர் சங்கம், மறுபக்கம் நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம். இரண்டும் சங்கங்கள். இரண்டுக்கும் உறுப்பினர் உண்டு, துன்பம் உண்டு, வக்கீல் உண்டு. ஆலைச் சங்கம் அவகாசம் கேட்டது, மீண்டும் கேட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. அவகாசம் வாங்கிக் கொடுப்பதுதான் தலைவரின் சாமர்த்தியம் என்று நம்பிய சங்கம், அந்த அவகாசத்தை உறுப்பினர் எப்படிச் செலவழித்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காததன் விலையை வேலை இழந்த தொழிலாளிகள் கொடுத்தார்கள்.

மூன்றாவது தகுதி, அதாவது வேறு எதற்கும் உரியவராகாமல் இருப்பது, இன்னும் நுட்பமானது. உறுப்பினர் ஒன்றுகூடும் அறையில் அரசுக்கு மனுவும் எழுதலாம், விலையும் பேசி வைக்கலாம். முன்னது உரிமை, பின்னது குற்றம். இந்தியப் போட்டி ஆணையம் 2012-இல் 11 சிமெண்ட் நிறுவனங்களுக்கு 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது, சிமெண்ட் உற்பத்தியாளர் சங்கத்தையும் குற்றத்தில் சேர்த்தது. மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தாகி, 2016-இல் ஆணையம் மறுபடியும் விசாரித்து அதே முடிவுக்கு வந்தது. பரிந்து பேசப் போன அமைப்பு தனக்கென்று வேறு கணக்கு வைத்துக்கொண்டது என்பதே அந்தக் குற்றச்சாட்டின் சாரம். திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரம் முழுவதும் பொதுவான நீதியைப் பேசிவிட்டுக் கடைசிக் குறளில் வணிகரிடம் வந்து நிற்கிறது. பிறர் பொருளையும் தன் பொருளாக எண்ணச் சொல்கிறது. அதே அதிகாரத்தில் வரும் தராசுக்கும் வணிகனுக்கும் உள்ள உறவை வள்ளுவர் தற்செயலாகவா அங்கே கொண்டு வைத்தார்?

இப்போது இந்த உவமையின் மிகக் கடினமான இடம். புருஷகாரத்தில் மேலே இருப்பவன் இறைவன். வணிகர் சங்கம் போய் நிற்பது ஆட்சியர் முன்னால், ஆணையத்தின் முன்னால். அதிகாரி இறைவனா? இல்லை. அவரும் ஒரு பிரதிநிதிதான். மாம்பழச் சாறு குடிக்கும் குழந்தைக்காகவும், நொய்யல் தண்ணீரில் பயிர் வைக்கிறவருக்காகவும், வாசலில் அவமானப்பட்ட கடன்காரப் பெண்ணுக்காகவும் அவர் அந்த நாற்காலியில் இருக்கிறார். அப்படியானால் சங்கத்தின் மனு உண்மையில் போய்ச் சேரும் இடம் அதிகாரியின் மேசை இல்லை. அந்த அறையில் இல்லாத மக்கள்தான் அதைப் பெறுகிறவர்கள். இரண்டு பிரதிநிதிகள் பேசிக்கொள்ளும்போது, யாருக்காகப் பேசுகிறார்களோ அவர்கள் வெளியே வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள்.

இந்த ஒரு காரணத்தாலேயே மூடிய அறையில் கொடுக்கும் மனு அறத்துக்கு ஒவ்வாதது. 1429-இல் குடிகள் தங்கள் தீர்மானத்தைக் கோயில் சுவரில் வெட்டினார்கள் என்பதன் பொருள் அதுதான். சாமி பார்க்கும், ஊர் பார்க்கும், வரி வாங்க வருகிறவனும் பார்ப்பான். தமிழ்நாட்டுக் கோயில்களில் மட்டுமல்ல, திருமலைக் கோயில் சுவர்களிலும் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. கோயில் நிர்வாகத்தைப் பார்த்த ஸ்தானத்தார், யாரிடம் எவ்வளவு பெற்றார்கள், அதற்கு என்ன செய்ய ஒப்புக்கொண்டார்கள் என்று அவற்றில் வரிவரியாக எழுதியிருக்கிறார்கள். அறைக்குள் பேசி முடித்துக்கொள்ளாமல் கல்லில் ஏற்றினார்கள்.

சித்தூரில் இதற்குக் கல்லும் உளியும் தேவையில்லை. ஒரு பலகை போதும். அடுத்த தோத்தாபுரிப் பருவத்துக்கு முன்னால், காய் முற்றும் வரை காத்திராமல், ஆலைச் சங்கமும் விவசாயிகளும் ஆட்சியரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஆலைச் சங்கம் அரசுக்குக் கொடுக்கும் மனுவின் நகலைத் தாமலசெருவு மண்டியிலும் பங்காருபாளையம் மார்க்கெட் யார்டிலும் தெலுங்கிலும் தமிழிலும் ஒட்ட வேண்டும். தேங்கிய கூழ் எத்தனை டன், எந்த ஆலையில், என்ற கணக்கும் அதில் இருக்க வேண்டும். அதே பலகையில், ஒப்புக்கொண்ட விலையைத் தராத உறுப்பினரிடம் சங்கம் என்ன கேட்டது, அவர் என்ன பதில் சொன்னார் என்பதையும் ஒட்ட வேண்டும். விவசாயிகளின் சங்கமும், முற்றாத காயையும் அடிபட்ட காயையும் லாரியில் கலந்து அனுப்பும் தன் ஆட்களைக் கண்டித்ததை அங்கேயே எழுதி வைக்கட்டும்.

2025-இல் ஒவ்வொரு கிலோ தோத்தாபுரிக்கும் அரசு அறிவித்த 4 ரூபாய் பொதுமக்களின் வரிப்பணம். அதில் மாந்தோப்பு இல்லாதவரின் காசும் இருக்கிறது, திருச்சானூர் வாசலில் பூ விற்பவரின் காசும் இருக்கிறது. அவர்கள் நின்று படிக்கும்படி அந்தப் பலகையை வையுங்கள்.